பதினான்காவது ஜன்னல்

"பதினாலு பேர், மேடம். பதினாலு பேரும் ஜன்னலைப் பத்தியே கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு லோதார் குவாஸ்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே நவம்பர் மாதத்துக் காலை. குளிர் நான்கு டிகிரி.

வுப்பர்டால் நகரத்தில் ஆற்றை ஒட்டி நிற்கும் மீன்கொத்தி ஹோட்டலின் மேலாளர் அவர். மூன்று நட்சத்திர ஹோட்டல். அறையில் கெட்டில் உண்டு, குளித்துவிட்டுப் போர்த்திக்கொள்ள அங்கி கிடையாது. சுவரில் ஓவியம் உண்டு, அதைத் திருடத் தோன்றும் அளவுக்கு அழகு கிடையாது. மாடி ஜன்னலுக்கு எதிரே, ஆற்றுக்கு மேலே, இரும்புத் தண்டவாளத்தில் தலைகீழாகத் தொங்கியபடி நகரத்தின் ரயில் ஓடும். அது போகும்போது கெட்டில் லேசாக நடுங்கும். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.

துப்பறியும் நிபுணர் கெர்லின்டே ரூஸ், மேஜைமேல் பரப்பியிருந்த பதினான்கு கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தவள். ஒருவர் எழுதியதைவிட எழுதாமல் விட்டதைப் படிப்பதில் கெட்டிக்காரி.

பக்கத்தில் அவளுடைய உதவியாளன் உடோ பம்பெல் நின்றுகொண்டு, வரவேற்பு மேஜையில் இருந்த இலவச மிட்டாயில் நான்காவதைப் பிரித்தான். நாற்பத்தேழு வயது. முன்னாள் பஸ் டிரைவர். வாயை மூடத் தெரியாததால் 'முன்னாள்' ஆனவன்.

"எல்லாரும் நாளைக்கு, சனிக்கிழமைக்கு ரூம் போட்டிருக்காங்க. எல்லாருக்கும் ரெண்டாவது மாடி. எல்லாருக்கும் ஆத்தைப் பாத்த ரூம்" என்றார் குவாஸ்ட். "இந்த ஹோட்டல்ல யாருமே அந்தப் பக்கம் கேக்க மாட்டாங்க மேடம். ரயில் சத்தம்! எல்லாரும் பின்பக்கம் தோட்டத்தைப் பாத்த ரூம்தான் கேப்பாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

குவாஸ்ட் குரலைத் தாழ்த்தினார். "அக்கரையில ஒரு ஹால் இருக்கு. நாளைக்கு அங்க பழைய நாணயக் கண்காட்சி. தங்கக் காசெல்லாம் வருதாம். இவங்க ஒரு கும்பல். பாருங்க, ஒருத்தர் 'கைப்பிடி இல்லாத நாற்காலி' கேக்குறார். குறி பாத்துச் சுட வசதியா! இன்னொருத்தர் லிஃப்ட் எவ்வளவு அகலம்னு கேக்குறார். ஒரு அம்மா, 'துணி மாட்டுற கிளிப் பத்து கிடைக்குமா'ன்னு கேக்குறாங்க."

"கிளிப் வெச்சுக் கொள்ளையடிக்கிற கும்பலா? முகமூடிக்குப் பதிலா மூக்குல மாட்டிப்பாங்க போல" என்றான் உடோ.

குவாஸ்ட் சிரிக்கவில்லை. போன வருடம் ஹோட்டலின் காபி மெஷினையே யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் பெட்டியைக் கட்டிக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். இன்று மாலை ஆறு மணிக்குள் அவர் முன்பதிவுகளை ரத்து செய்யலாம். அவர்கள் நிஜ விருந்தாளிகளாக இருந்துவிட்டால்? மழைக்கால நவம்பரில் ஒரு மாடி முழுவதும் காலி. அதற்கும் பெட்டியைத்தான் கட்ட வேண்டும்.

"உடோ, இந்தக் கடிதங்கள்ல என்ன இல்ல?" கெர்லின்டே கேட்டாள்.

உடோ நாலைந்தைப் புரட்டினான். மிட்டாய் வாயிலேயே நின்றது. "மேடம்... காலைச் சாப்பாட்டைப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

"அப்புறம்?"

"கார் எங்க நிறுத்துறதுன்னும் கேக்கல. நம்ம ஊர்க்காரன் ஹோட்டலுக்குக் கடிதம் எழுதி, முட்டை அரை வேக்காடா முழு வேக்காடான்னு கேக்காம இருக்கான்னா, போலீஸையே கூப்பிடலாம்."

"கூப்பிட வேண்டாம். சாப்பாடு வேண்டாம், பார்க்கிங் வேண்டாம், மூணு மணிக்குப் பதிலா காலையில பதினோரு மணிக்கே ரூம் வேணும். இவங்க தங்க வரல. பகல்ல ஏதோ ஒண்ணு செய்ய வர்றாங்க, முடிச்சுட்டுப் போயிடுவாங்க." அவள் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் ஒதுக்கினாள். "இவர் மட்டும் வேற ஜாதி. காலைச் சாப்பாடு எத்தனை மணி வரைக்கும்னு கேக்குறார். ஜன்னல் இறுக்கமா மூடுமான்னு கேக்குறார்."

"எல்லாரும் கேட்டதுதானே மேடம்? ஜன்னல்!"

"மத்த பதிமூணு பேரும் ஜன்னல் முழுசாத் திறக்குமான்னு கேக்குறாங்க, குவாஸ்ட். மேல கொஞ்சம் சாய்ஞ்சு நிக்குமா, இல்ல கதவு மாதிரி திறக்குமான்னு."

"திறக்காது. மாடி ஜன்னல் எல்லாம் பூட்டுதான். சாவி என்கிட்ட." குவாஸ்ட் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "ஆனா ரெண்டும் ஒரே விஷயந்தானே?"

"வாங்கன்னு சொல்றதும் போயிட்டு வாங்கன்னு சொல்றதும் ஒண்ணா சார்?" என்றான் உடோ.

கெர்லின்டே ஒதுக்கிய கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு நாற்காலிக்காரரின் கடிதத்தை எடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே கடை முகவரி இருந்தது: ஆல்வின் கெட்லர், இறைச்சிக் கடை, ஃபோவின்கெல். அதற்கும் கீழே, இந்த வாரம் ஈரல் சாசேஜ் சலுகை விலையில்.

"கொள்ளைக்காரன் விளம்பரத்தோட கையெழுத்துப் போட மாட்டான்" என்றாள். "வா, சாசேஜ் வாங்கப் போவோம்."

தொங்கும் ரயிலில் உடோ ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து வளைந்து கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் மீன்கொத்தி ஹோட்டல் வந்தது. இரண்டாவது மாடி ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் நகர்ந்தன. ஒன்றில் குவாஸ்ட் நின்று பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?"

"குவாஸ்ட் சாரோட சொட்டை தெரியுது மேடம்."

"இப்ப அந்தப் பக்கம் திரும்பு. நாணயக் கண்காட்சி ஹால் தெரியுதா?"

உடோ திரும்பினான். இரும்புத் தூண், குறுக்குச் சட்டம், அதற்கப்பால் இலையுதிர்ந்த மரங்கள், மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு கூரையின் ஓரம். "ஒண்ணுமே தெரியல. அப்ப அந்த ரூம்லேர்ந்து பாத்தாலும்..."

"தெரியாது. அந்த ஜன்னல்லேர்ந்து நல்லாத் தெரியுறது ஒண்ணே ஒண்ணுதான்."

உடோ யோசித்தான். பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்தான். "நாமளா?"

"இந்த ரயில்."

ஃபோவின்கெலில் ரயில் ஆற்றை விட்டுவிட்டுத் தெருவுக்கு மேலே ஓடுகிறது. கெட்லரின் கடை நேர் கீழே இருந்தது. கெட்லர் அகலமான மனிதர். கன்னம் இரண்டும் உப்பிச் சிவந்திருந்தன. உடோ அந்த ஊர் வழக்கப்படி வெங்காயம் தூவிய பச்சைக் கொத்துக்கறி வைத்த ரொட்டி ஒன்று வாங்கி, துப்பறிவதைவிட ஆர்வமாகக் கடிக்கத் தொடங்கினான்.

கெர்லின்டே எதுவும் வாங்கவில்லை. கெட்லரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டியூபாவா?" என்று கேட்டாள்.

கெட்லரின் கையிலிருந்த கரண்டி சாசேஜ் தட்டில் விழுந்தது.

"உதட்டைச் சுத்தி வட்டமாத் தழும்பு. கைப்பிடி வெச்ச நாற்காலியில உக்காந்து டியூபா மாதிரி பெரிய பித்தளை ஊதலை மடியில வைக்க முடியாது. பெட்டியோட கொண்டு போகணும்னா லிஃப்ட் அகலமா இருக்கணும். ஜன்னலைத் திறந்து வெச்சு ஊதினா காத்துல பாட்டுக் குறிப்பு எழுதின நோட்டுத்தாள் பறக்கும், அதுக்குக் கிளிப். பதிமூணு பேர், பதிமூணு ஜன்னல், ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி. யாருக்காக, கெட்லர்?"

"நீங்க யாரு?" என்றார் கெட்லர். "அவங்க அனுப்பிச்சாங்களா? தெரிஞ்சுபோச்சா அவங்களுக்கு?"

"யாருக்கு?"

கெட்லர் கடையில் வேறு யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். "ஹைட்ருனுக்கு. ஹைட்ருன் ப்ராய்னிங். எங்க சர்ச்சு வாத்தியக் குழுவுல முதல் ட்ரோம்போன் ஊதுறவங்க. முப்பத்தோரு வருஷமா இந்த ரயிலை ஓட்டுறாங்க. நாளைக்குக் கடைசி நாள். காலையில பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு அந்த ஹோட்டலைத் தாண்டுவாங்க. நாங்க ஜன்னல் ஜன்னலா நின்னு ஊதப் போறோம். ரெண்டு மாசமா அவங்களுக்குத் தெரியாம ஒத்திகை. என் கடைக் குளிர் அறையில வெச்சு, மேடம்! மூணு பேருக்கு ஜலதோஷம்." அவர் கையைக் கூப்பாத குறை. "தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

தலைக்கு மேலே ஒரு ரயில் போனது. கொக்கிகளில் தொங்கிய சாசேஜ்கள் எல்லாம் சேர்ந்து ஆடின.

உடோ ரொட்டியை விழுங்கினான். "கேஸ் முடிஞ்சுது மேடம். கொள்ளைக் கும்பல் இல்ல, ஊதுற கும்பல். நான் இன்னொரு ரொட்டி வாங்கிக்கலாமா?"

"கெட்லர், உங்க குழுவுல மொத்தம் எத்தனை பேர்?"

"பதினாலு. ஹைட்ருனைக் கழிச்சா பதிமூணு. பதிமூணு ரூம் போட்டோம்."

"ஹோட்டல்ல பதினாலு ரூம் போட்டிருக்கு."

"இருக்காதே. நானே பேரு பேரா சொல்லி எழுத வெச்சேன்."

கெர்லின்டே பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்துப் பிரித்து, கண்ணாடித் தட்டின் மேல் வைத்தாள். கெட்லர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து படித்தார். ஜன்னல் இறுக்கமாக மூடுமா? காலைச் சாப்பாடு எத்தனை மணி வரை? சனிக்கிழமை பத்து மணிக்கே வந்துவிடலாமா? நான் நன்றாகத் தூங்க வேண்டும், பிறகு ஜன்னலோரம் உட்கார வேண்டும். கீழே கையெழுத்து: எச். ப்ராய்னிங்.

கெட்லரின் சிவந்த கன்னம் அவர் கடைக் கொழுப்பின் நிறத்துக்கு வெளுத்தது.

"இது... இது ஹைட்ருன்."

"ஆமா" என்றாள் கெர்லின்டே. "நாளைக்குப் பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு நீங்க எந்த ரயிலைப் பாத்து ஊதப் போறீங்களோ, அந்த ரயில்ல அவங்க இருக்க மாட்டாங்க. உங்களுக்குப் பக்கத்து ரூம்ல தூங்கிக்கிட்டிருப்பாங்க."

கெட்லர் போனை எடுத்து ரயில் டிப்போவில் இருக்கும் ஃபோல்கர் என்ற டிரைவரைக் கூப்பிட்டார். ஃபோல்கரின் குரல் ஸ்பீக்கரில் சலிப்பாக வந்தது.

"ஆமாம்ப்பா, நாளைக்கு நான்தான் ஓட்டுறேன். ஹைட்ருன் மாத்திக்கச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னா. பூங்கொத்து, பேச்சு, போட்டோ, எதுவும் வேண்டாமாம். சத்தமில்லாம இறங்கிப் போயிடறேன்னா."

"அப்ப அவங்களோட கடைசி ஓட்டம்?"

"இன்னைக்கு. இப்ப ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கா. ஒண்ணரை மணிக்கு ஃபோவின்கெல்ல என்கிட்ட வண்டியைக் குடுத்துட்டா முடிஞ்சுது."

கெர்லின்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அந்த ஹோட்டலைத் தாண்டுறது எத்தனை மணிக்கு?"

"கடைசியா தாண்டுறதா? ஒண்ணு பதினேழு. யாரும்மா பேசறது?"

கெட்லர் போனை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. குழுவில் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருத்தி பல் டாக்டரிடம் உதவியாளர். "விடுங்க" என்றார் மெதுவாக. "அவங்களுக்கே வேண்டாம்னா நாம என்ன செய்ய முடியும்?"

"அதுவும் சரிதான்" என்றாள் கெர்லின்டே. "ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா..."

"சரியில்ல மேடம்" என்றான் உடோ.

அவன் குரலில் கேலி இல்லை என்பதைக் கவனித்து இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நானும் இப்படித்தான் சொன்னேன். பதினோரு வருஷம் பஸ் ஓட்டினேன். கடைசி நாள், எதுவும் வேண்டாம், ஆளை விடுங்கன்னேன். விட்டுட்டாங்க. சாவியை ஒரு டப்பாவுல போட்டுட்டு, நான் ஓட்டின அதே பஸ்ல டிக்கெட் எடுத்து வீட்டுக்குப் போனேன். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன், யாராவது ஓடி வர்றாங்களான்னு. ஒரு பய வரல." அவன் ரொட்டித்தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டான். "வேண்டாம்னு சொல்றவங்கதான் மேடம் அதிகமாத் திரும்பிப் பாப்பாங்க. கெட்லர் சார், கடையைப் பூட்டுங்க. உங்க டியூபா எங்க?"

கெர்லின்டே அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "குவாஸ்ட்? உங்க ரெண்டாவது மாடி இன்னைக்குக் காலியா இருக்கா?"

இருந்தது. ஆனால் குவாஸ்ட் தயாராக இல்லை. "ஜன்னலையெல்லாம் திறக்கறதா? பாதுகாப்பு விதி இருக்கு மேடம்! முதலாளிக்குத் தெரிஞ்சா..."

பத்து நிமிடம் அவரிடம் பேச வேண்டியிருந்தது. கொள்ளை இல்லை, துப்பாக்கி இல்லை என்று கேட்டதும் அவர் மூச்சு விட்ட சத்தம் போனில் புயல் மாதிரி வந்தது. பிறகு அவரே கேட்டார். "முப்பத்தோரு வருஷமா இந்த வழியாப் போறவங்களா? காலையில நான் திரைச்சீலை விலக்கும்போது ஒரு அம்மா ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டுவாங்க. அவங்களா?"

"இருக்கலாம்."

"வாங்க" என்றார் குவாஸ்ட்.

ஒரு மணிக்கு ஹோட்டலில் ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள். வாத்தியார் தன் வகுப்பைத் தலைமையாசிரியரிடமே ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். பல் டாக்டரின் உதவியாளர், வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். பொய்யாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். கெட்லரின் டியூபா லிஃப்ட்டில் நுழையவில்லை. உடோவும் கெட்லரும் அதைப் படிக்கட்டில் சுமந்தார்கள்.

"இதுல என்ன சார் வெச்சிருக்கீங்க, மாடா?" என்று மூச்சிரைத்தான் உடோ.

ஒரே சாவி, ஏழு ஜன்னல். குவாஸ்ட் அறை அறையாக ஓடினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது பூட்டில் சாவி சிக்கிக்கொண்டது. கெர்லின்டே அறையின் சோப்பை எடுத்து அதில் தேய்த்தாள். மணி ஒன்று பதினைந்து. ஐந்து. ஆறு. ஏழாவதை உடோ திறந்து பிடித்தபோது தண்டவாளம் முனகத் தொடங்கியிருந்தது.

வளைவில் ரயில் தெரிந்தது.

கெட்லரின் டியூபா முதலில் எழுந்தது. அதன் மேல் ட்ரோம்போன்கள் ஏறின. பித்தளைச் சத்தம் ஆற்றின் மேல் விழுந்து, எதிர்க்கரைச் சுவரில் மோதி, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஒரு நோட்டுத்தாள் பறந்து தண்ணீரில் விழுந்தது. அந்த ஆள் நிறுத்தவில்லை, மனப்பாடமாக ஊதினார்.

ஓட்டுநர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த முடியும் நீலச் சட்டையுமாக ஒரு பெண். முதல் ஜன்னலைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதுக்கு வரும்போது ரயில் நடக்கிற வேகத்துக்குக் குறைந்திருந்தது. பயணிகள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து கண்ணாடியில் முகம் ஒட்டி நின்றார்கள். ஏழாவது ஜன்னலைத் தாண்டும்போது அவர் ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். மறு கை வண்டியின் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை விடவில்லை. முப்பத்தோரு வருடப் பழக்கம்.

ரயில் போய்விட்டது. ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாத்தியத்தைத் துடைத்தார்கள்.

"கோவிச்சுக்குவாங்க" என்றார் கெட்லர். "எனக்குத் தெரியும் அவங்களை. பேசவே மாட்டாங்க."

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படிக்கட்டில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. ஹைட்ருன் ப்ராய்னிங் சீருடையோடு வந்து கதவில் நின்றார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"ஆல்வின். ரெண்டாவது வரியில நீ ஒரு தாளம் தாமதம்."

"படிக்கட்டுல தூக்கிட்டு வந்தேன் ஹைட்ருன். மூச்சு இல்ல."

"முதல் ட்ரோம்போனை யாரு ஊதினது? யாருமே இல்லையா? அது இல்லாம அந்தப் பாட்டு மொட்டையா இருக்கு." அவர் உள்ளே வந்து ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தார். "தினமும் பாப்பேன். இந்த ஜன்னல்ல ஒருத்தன் பல் தேய்ப்பான், ஒருத்தி பெட்டி அடுக்குவா. ஒரு நாள் உள்ள உக்காந்து, என் வண்டி எப்படி இருக்குன்னு பாக்கணும்னு இருந்தேன். அவ்வளவுதான். உங்களை விட்டு ஓடணும்னு இல்ல." பிறகு திரும்பினார். "சரி, கொஞ்சம் ஓடணும்னும் இருந்துது."

குவாஸ்ட் தொண்டையைச் செருமினார். "ரூம் இன்னைக்கே எடுத்துக்கலாம் அம்மா. காலைச் சாப்பாடு பத்தரை வரைக்கும்."

"ஃபோல்கர் வண்டியைத் திருப்பிக்கிட்டு ரெண்டரைக்கு வருவான்" என்றார் ஹைட்ருன். "நாளையிலேர்ந்து அவன்தான் அந்த வண்டிக்கு. அவனையும் ஊதி வரவேத்துடுவோம், யாராவது எனக்கு ஒரு ட்ரோம்போன் குடுங்க."

வாத்தியார் தன்னுடையதை நீட்டினார். கிளிப் ஒருவரிடமும் இல்லை. அவசரத்தில் யாரும் எடுத்து வரவில்லை. ஆற்றுக் காற்று நோட்டுத்தாளைப் பிடுங்கியது. கெர்லின்டே உடோவை முன்னால் தள்ளினாள். அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். விரல்கள் உடனே மரத்துப்போயின.

"அசையாம புடி" என்றார் ஹைட்ருன். "பக்கத்தைச் சரியாத் திருப்பணும்."

"அம்மா, எனக்கு இதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது. எப்பத் திருப்பணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உன் காலை மிதிப்பேன்."

வளைவில் ரயில் தெரிந்தது. ஓட்டுநர் அறையில் ஃபோல்கர் வாயைப் பிளந்தான். ஏழு வாத்தியங்களும் ஒரே மூச்சில் எழுந்தன. ஹைட்ருனின் ட்ரோம்போன் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி, உடோவின் காதுக்குள் நுழைந்து நெஞ்சு வரைக்கும் இறங்கியது. அவன் கண் கலங்கியது. காற்றால்தான் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மிதித்தார். உடோ திருப்பினான்.